சின்ன ஸ்டூடியோவில் சொந்த வேலை: உண்மையில் யாருக்காக?

பண்டாரவளை வாசகர் | 2024 மே 11

நாலு பேர் இருக்கும் டிசைன் ஸ்டூடியோவில் வேலை செய்கிறேன். கல்யாணக் கார்ட், டியூஷன் பேனர், எல்ல ஊர்ப் பக்கத்து ஹோம்ஸ்டேகளுக்கு மெனு, இவைதான் சோறு போடுகின்றன. இப்போது முதலாளி புதிதாக ஒன்று சொல்கிறார்: வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆளுக்கொரு சொந்தப் படைப்பு செய்யுங்கள், ஸ்டூடியோவின் இணையப் பக்கத்தில் போடலாம் என்று. என் கணக்கில் இது சம்பளம் இல்லாத ஓவர்டைம். இல்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

ஹட்டன்காரன் | 2024 மே 11, இரவு

ஓவர்டைமா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும். வெள்ளிக்கிழமை பின்னேரம் அவசரமாக ஒரு பேனர் வந்தால் எது நிற்கும்? பேனர் காத்திருந்தால் அது உங்கள் நேரம். உங்கள் வேலையை மூடிவைத்துவிட்டுப் பேனரை முடித்து, மூடிவைத்ததைச் சனிக்கிழமை வந்து தொடரச் சொன்னால் நீங்கள் சொல்வதுதான் சரி.

நான் முதலாளி பக்கத்து ஆள். ஹட்டனில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஆகவே இங்கே திகதி போட்டு நான் எழுதுவதையெல்லாம் கொஞ்சம் சந்தேகத்தோடே வாசியுங்கள்.

மே 12

பெரிய கம்பனிகளே இப்படி நேரம் கொடுக்கின்றன என்று யாரோ கூகுளை இழுத்திருக்கிறார். கூகுள் நிறுவனர்கள் 2004-இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது எழுதிய கடிதத்தில், ஊழியர்கள் தங்கள் நேரத்தில் 20 சதவீதத்தைத் கூகுளுக்கு மிகவும் பயன்படும் என்று தாங்கள் நினைப்பதற்குச் செலவிட ஊக்கப்படுத்துகிறோம் என்று சொன்னார்கள். த்ரீஎம் கம்பனி 1948-இலிருந்தே 15 சதவீதம் என்று வைத்திருக்கிறது. மேசையில் ஒட்டுகிறோமே, மஞ்சள் ஒட்டுத்தாள், அதுவும் அந்த ஏற்பாட்டில் பிறந்தது என்றுதான் சொல்கிறார்கள்.

சரி, நல்லது. அங்கே ஒருவர் ஒரு நாள் வேறு வேலை பார்த்தால் கம்பனி அசையாது. எங்களிடம் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் கண்ணீர் அஞ்சலி பேனர் நின்றுபோகும். அதற்குத் தவணை கேட்க முடியுமா? நாளைக்குப் பகல் அடக்கம்.

மே 12, பிறகு

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாங்களும் வெள்ளிக்கிழமை பின்னேரத்தில்தான் ஆரம்பித்தோம். யார் கண்டுபிடித்த நேரமோ தெரியவில்லை, கொழும்பில் அலுவலகங்கள் அடங்கும் நேரம் என்பதால் இருக்கலாம். மலையகத்தில் அது வாரத்திலேயே மோசமான நேரம். கல்யாணம், சடங்கு, கோவில் திருவிழா, டியூஷன் வகுப்பு எல்லாமே சனி ஞாயிறில். அவ்வளவு பேனரும் வெள்ளி மாலைக்குள் அச்சடித்து, கயிறு கட்டும் வளையம் அடித்து, பஸ்ஸில் ஏற்றியாக வேண்டும். பொகவந்தலாவைக்கும் நோர்வூட்டுக்கும் போகிற பஸ் கண்டக்டரிடம் சுருட்டிய பேனரைக் கொடுத்தனுப்புகிற காட்சியை வெள்ளி நாலு மணிக்கு ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் வந்து பாருங்கள். அந்த நேரத்தில் உட்கார்ந்து சொந்தமாகப் படைக்கச் சொல்கிறவர் ஒன்று பெரிய மனசுக்காரர், அல்லது தன் கடையின் கணக்குப் புத்தகத்தைத் திறந்தே பார்க்காதவர்.

மே 13

பண்டாரவளைக்காரர் கேட்கிறார்: "அப்போ உங்களிடம் அது செத்துப்போச்சா?"

வெள்ளிக்கிழமை செத்தது. சொந்த வேலை சாகவில்லை. எப்படி என்று பிறகு எழுதுகிறேன். மே தினத்துக்குக் கொட்டகலையில் தோட்டத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 1,700 ரூபா சம்பளத்தை அறிவித்ததிலிருந்து வாழ்த்துவோர் ஒரு பக்கம், எதிர்ப்போர் ஒரு பக்கம் என்று துண்டுப்பிரசுர வேலை குவிகிறது. இரண்டு தரப்புக்கும் ஒரே எழுத்துருதான்.

மே 19

இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

எங்களிடம் மஸ்கெலியா பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தங்கச்சி வேலைக்கு வருகிறாள். கை நல்ல கை. எழுத்து வரைய வேண்டும் என்று ஆசை. விளம்பரத்துக்கு எழுதுவதைச் சொல்லவில்லை, முழுசாக ஒரு தமிழ் எழுத்துருவே செய்ய வேண்டும் என்கிறாள். வெள்ளிக்கிழமை ஏற்பாடு ஓடவில்லை என்று தெரிந்ததும் வீட்டில் செய்யட்டும் என்று ஸ்டூடியோ லேப்டொப்பைக் கொடுக்கப் பார்த்தேன். "எங்க வைக்கிறது?" என்று கேட்டாள்.

லயத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வியை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. அதில் காம்பரா, அதாவது அறை, 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஒரு இஸ்தோப்பு, அதாவது திண்ணை, அதைப் பாதி மறைத்துத் தம்பிக்குப் படுக்கை. அவன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். டிவி ஒரு மூலை, சாமிப் படம் ஒரு மூலை. ஒரே பல்ப். இரவு எட்டு மணிக்கு அங்கே லேப்டொப்பை விரித்து ஓர் எழுத்தின் வளைவைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நேரம் இருக்கிறது, இடம் இல்லை. சொந்தப் படைப்பு பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் நேரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். வீட்டில் தனக்கென்று ஒரு மேசை இருப்பவர்களுக்குத்தான் நேரம் மட்டும் பிரச்சினை.

அப்புறம் பார்த்தால் அவள் வருவது முதல் பஸ்ஸில். அடுத்த பஸ்ஸுக்கு நின்றால் பாடசாலைப் பிள்ளைகளின் நெரிசல், ஒன்பதுக்குள் வந்து சேர முடியாது. முதல் பஸ் ஏழு மணிக்கே ஹட்டனில் இறக்கிவிடும். நாங்கள் ஒன்பதுக்குத்தான் திறப்போம். இடையில் அவள் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருப்பாள்.

ஆக, கேட்கப்பட வேண்டிய பொருள் வெள்ளிக்கிழமை இல்லை, சாவி. ஒரு சாவி வெட்டிக் கொடுத்தேன். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை ஷட்டர் பாதி திறந்திருக்கும். போன் வராது, வாடிக்கையாளர் வரமாட்டார், நானும் வரமாட்டேன். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம் என்று அவள் பிற்பாடு மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறாள்.

எனக்குச் செலவு கொஞ்சம் கரண்ட் பில். பண்டாரவளைக்காரரே, உங்கள் முதலாளியிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமையை அவர் எளிதாகக் கொடுப்பார், எளிதாகத் திருப்பியும் எடுப்பார். கொடுத்த சாவியைத் திருப்பி வாங்குவதென்றால் முகம் கோண வேண்டும்.

மே 20

"பெண் பிள்ளை தனியாக, பாதி ஷட்டரில், பாதுகாப்பு?" என்று ஒருவர் கேட்டது நியாயம்தான். பக்கத்து மருந்துக் கடையும் எதிர் பேக்கரியும் ஆறரைக்கே திறந்துவிடும். அது இல்லாத தெருவென்றால் நானும் இரண்டு தரம் யோசித்திருப்பேன்.

ஜூன் 2

இப்படிச் செய்த வேலை யாருக்குச் சொந்தம் என்று மூன்று பேர் மூன்று விதமாக எழுதியிருக்கிறீர்கள். "செய்தவனுக்குத்தான் சொந்தம், இதில் என்ன சந்தேகம்" என்றவருக்கு: சந்தேகம் இருக்கிறது. இலங்கையில் 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. வேலைக்கு இருப்பவர் அந்த வேலையின் போக்கில் உருவாக்கியதன் பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்கே முதலில் போகிறது. படைத்தவர் என்று தன் பெயரைக் கோருவது அதிலிருந்து தனி. அது தார்மீக உரிமை, படைத்தவரிடமே நிற்கும். ஆனால் விற்பது, உரிமம் கொடுப்பது, பிரதி எடுப்பது எல்லாம் முதல் வகை.

இப்போது பண்டாரவளைக்காரரின் வெள்ளிக்கிழமையைப் பாருங்கள். வேலை நேரம், ஸ்டூடியோ கணினி, முதலாளி சொன்னதால் செய்தது, ஸ்டூடியோ பக்கத்தில் வெளியாவது. இது "வேலையின் போக்கில்" இல்லை என்று வாதாட ஒரு நல்ல வழக்கறிஞர் வேண்டும். அதற்குச் சொந்தப் படைப்பு என்று பெயர் வைத்துவிட்டதால் மட்டும் அது சொந்தமாகாது.

ஆகவே எழுதிவையுங்கள். எங்களுடையது அரைப் பக்கம். ஸ்டூடியோ திறக்கும் முன் ஸ்டூடியோ கருவிகளில் செய்யும், வாடிக்கையாளர் கேட்காத வேலைகளின் எல்லா உரிமையும் செய்தவருக்கே. ஸ்டூடியோ அதை எங்காவது காட்ட வேண்டுமென்றால் கேட்டுத்தான் காட்ட வேண்டும். வேலையை விட்டுப் போகும்போது பைல்களை எடுத்துக்கொண்டு போகலாம். இரண்டு கையெழுத்து, ஒரு திகதி. வழக்கறிஞர் எழுதியதில்லை, அதனால் வழக்கறிஞர்கள் சிரிக்கலாம். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் என்று சட்டமே வாசலைத் திறந்து வைத்திருக்கும்போது அந்த வாசலால் போகாமல் இருப்பதற்குத்தான் காரணம் வேண்டும்.

ஜூன் 3

டைப்செட்டிங் அக்காவைப் பற்றிக் கேட்கிறீர்கள். எங்கள் ஸ்டூடியோவில் மூத்தவர் அவர். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். யுனிகோட் விசைப்பலகையைக் காட்டினால் "இது பிள்ளைகளுக்கு" என்பார். அவருக்குச் சொந்தப் படைப்பு ஒன்றும் வேண்டாம், வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் போக விட்டால் போதும் என்றார். விட்டோம். பிறகுதான் தெரிந்தது, வீட்டில் ரவிக்கை தைக்கிறார். திருவிழாக் காலத்தில் அதில் வருகிற காசு எங்கள் எல்லாருடைய சொந்தப் படைப்புகளிலும் சேர்த்து வருவதைவிடக் கூட.

ஜூன் 16

எழுத்துரு என்ன மாதிரி என்று கேட்டவர்களுக்கு. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், அரைப் பக்க ஒப்பந்தம் எனக்கும் பொருந்தும்.

தேயிலைப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். ஒட்டுப்பலகை, விளிம்புக்குத் தகரப் பட்டி, உள்ளே ஈய நிறத்தில் தாள். வெளியே தகடு வெட்டிக் கறுப்பு மையில் அடித்த எழுத்து: தோட்டத்துப் பெயர், பி.ஓ.பி. என்றோ டஸ்ட் என்றோ தரம், இன்வொய்ஸ் நம்பர், மொத்த நிறை, பெட்டி நிறை, தேயிலை நிறை. கொழும்பில் ஏலம் தொடங்கியது 1883-இல். வாங்குகிறவருக்கு அந்தப் பெயர்தான் அடையாளம். இப்போது பெட்டி போய்க் காகிதச் சாக்கு வந்துவிட்டது. அவளுடைய தாத்தா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பெக்கிங்கில் இருந்தவர். கொழுந்து எடுத்தவர், அரைத்தவர், பெட்டியில் மிதித்து அடைத்தவர் எல்லாரும் தமிழ் பேசியவர்கள். பெட்டியில் ஒரு தமிழ் எழுத்துக்கூடக் கிடையாது, எல்லாம் இங்கிலீஸ். அந்தப் பெட்டிக்கு இருந்திருக்க வேண்டிய தமிழ் எழுத்தை வரைவதுதான் அவள் எடுத்துக்கொண்ட வேலை. பழையதைப் பிரதி எடுப்பது இல்லை, பிரதி எடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

தகட்டு எழுத்தில் ஒரு சிக்கல் உண்டு. எழுத்தின் உள்ளே மூடிய வெளி இருந்தால் வெட்டும்போது அந்த நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும். அது விழாமல் பிடிக்கச் சின்னதாக ஒரு பாலம் விட வேண்டும். இங்கிலீசில் ஓ, ஏ, டி, பி போலச் சிலவற்றுக்குத்தான் அந்தக் கவலை. தமிழில் ட, ப, ய மாதிரி கொஞ்சம் பேர்தான் நல்ல பிள்ளைகள். க, ச, த, வ, ன, ண எல்லாம் சுழி. பாலத்தை எங்கே வைப்பது? ண-வின் சுழிகளுக்கிடையில் தவறான இடத்தில் வெட்டினால் பத்தடி தூரத்தில் அது ன ஆகிவிடுகிறது. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசமே மேலே இருக்கிற சுழிதான். அதிலே பாலம் போட்டால் கெ எது, கே எது என்று தெரியாது. முதலில் முடிந்த எழுத்து ஃ. மூன்று ஓட்டை. அன்றைக்கு எல்லாருக்கும் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தாள்.

கணினியில் பார்த்தால் போதாது என்று தடித்த அட்டையில் கட்டரால் வெட்டிச் சாக்கில் அடித்துப் பார்த்தாள். மை பாலத்துக்கு அடியில் புகுந்து பரவியது. தாத்தா வந்து பார்த்துவிட்டு, தூரிகையை இழுக்கக் கூடாது, நிமிர்த்திப் பிடித்துக் குத்த வேண்டும், அதுவும் மை பாதி காய்ந்திருக்கும்போது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு பாலத்தின் அகலத்தைக் குறைக்க முடிந்தது. இந்த விவரம் எந்த டிசைன் வகுப்பில் கிடைக்கும்?

ஜூன் 17

"247 எழுத்தையும் வரைய வேண்டுமே, பாவம்" என்றவருக்கு: வேண்டாம். கா, கெ, கே, கை, கொ, கோ எல்லாம் குறியைச் சேர்த்துப் பொருத்துவதால் வந்துவிடும். உயிர் 12, அகரம் ஏறிய மெய் 18, குறிகள். அதற்குப் பிறகுதான் வினை: உகர, ஊகார வரிசை 36 எழுத்தும் தனித்தனியே வரைந்தாக வேண்டும். கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து வேறு மாதிரி. டி, டீ தனி. கிரந்தம் மேலதிகம். பொண்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு மென்பொருளில் செய்கிறாள், இலவசம். காசு கொடுத்து வாங்கும் நல்ல மென்பொருளில் ஒன்று மெக் கணினியில் மட்டும்தான் ஓடும். எங்களிடம் இருப்பதோ பழைய விண்டோஸ் கணினிகள்.

ஜூன் 17, இரவு

பழைய லை, னை பற்றி எழுதியவருக்கு நன்றி, நல்ல யோசனை. தோட்டத்துக் கோவில் பலகைகள் சிலவற்றில் ஐகாரத்துக்கு மேலே யானைத் துதிக்கை போட்ட வடிவம் இன்னும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1978 சீர்திருத்தத்தோடு போன வடிவம் அது. அவளிடம் சொன்னேன், மாற்று வடிவமாக உள்ளே வைக்கிறாளாம். பாலம் வைக்க அதில் இடம் தாராளம்.

ஜூலை 7

தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் நிழலுருவம் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன், தலைப்புக்கு வெளியே என்றாலும்.

2023-இல் மலையகம் 200 என்று எத்தனை சுவரொட்டி, மலர், மேடைப் பின்னணி செய்தோம். தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து மக்கள் வந்த 1823-இலிருந்து கணக்கு. கேட்டு வந்த அமைப்புகள் ஒவ்வொன்றும் வேறு, கருத்து வேறு, சண்டையும் உண்டு. படம் மட்டும் ஒன்று: முதுகில் கூடை, தலையில் முக்காடு, பின்னால் மலை, மலைக்குப் பின்னால் சூரியன். தேயிலைப் பெட்டியில் அடிக்கிற படமும் அதே, உல்லாசப் பயணிக்கு விற்கிற மக்கிலும் அதே, உரிமை கேட்கிற சுவரொட்டியிலும் அதே. முகம் கிடையாது. முகம் போட்டுக் கொடுத்தால் "இது யாருடைய அம்மா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள்.

சொந்த வேலை எதற்கு என்று கேட்டால் என் பதில் இதுதான். காசு கொடுக்கிறவர் அந்த நிழலையே கேட்பார், கேட்டுக்கொண்டே இருப்பார். அதைச் செய்து செய்து கை அதற்கே பழகிவிடும். காலையில் இரண்டு மணி நேரம் கை வேறு எதையாவது செய்தால்தான் பகலில் அந்த நிழலைச் செய்யும்போதாவது இது நிழல் என்று தெரியும். "திறமை வளரும், வாடிக்கையாளர் கூடுவார்" என்று முதலாளிகள் சொல்லும் காரணத்தை நான் அவ்வளவு நம்பவில்லை. எங்களுக்கு அதனால் ஒரு கல்யாணக் கார்ட்கூடக் கூடுதலாக வரவில்லை.

ஜூலை 9

எங்கள் ஸ்டூடியோவில் வேலை செய்யும் தலவாக்கலைத் தம்பி செய்வதை ஏன் காட்டவில்லை என்று கேட்கிறீர்கள். அவன் காட்டவில்லை, அதனால் நானும் காட்டவில்லை.

2022-இல் மின்வெட்டு 13 மணி நேரம் வரைக்கும் போன காலத்தில், ஸ்டூடியோவில் கணினி ஓடாமல் சும்மா உட்கார்ந்திருந்தபோது ஒரு சீ.ஆர். கொப்பியில், மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்தின் வேஷங்களை வரையத் தொடங்கினான். ரதி, மதன், தூதன், வீரபத்திரன். மாசியில் அவன் தோட்டத்தில் கம்பம் நட்டு ஆடுகிறவர்களை, ரதி வேஷம் போடுகிற அண்ணனின் கைவளையல் வரைக்கும். கரண்ட் வந்த பிறகும் பென்சிலை விடவில்லை. ஸ்கேன் பண்ணலாமா என்று கேட்டேன். "வேண்டாம் அண்ணே, முடியல இன்னும்" என்றான். அதோடு சரி. மூன்று மாதத்துக்கொரு தரம் கேட்கிற பழக்கத்தையும் விட்டுவிட்டேன்.

"வெளியிடாத படைப்பு படைப்பே இல்லை" என்று மேலே ஒருவர் முழங்கியிருக்கிறார். கொப்பி மூடியிருந்தாலும் அவன் வரையும் கோவில் நோட்டீஸில் அம்மனின் கை இப்போது வேறு மாதிரி இருக்கிறது, எனக்குக் கண் இருக்கிறது.

ஓகஸ்ட் 25

செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல். இங்கே பதில் எதிர்பார்க்காதீர்கள். காலை ஏழு மணிக்கு இப்போது நானும் ஸ்டூடியோவில். தங்கச்சி முறைக்கிறாள்.

நவம்பர் 17

பொதுத் தேர்தலும் 14-ஆம் திகதியோடு முடிந்தது. ஒரு திருத்தம் எழுத வேண்டியிருக்கிறது. ஏழு முதல் ஒன்பது வரை யாரும் வரமாட்டார்கள் என்று மே மாதம் எழுதியது தேர்தல் காலத்துக்குப் பொருந்தாது. வேட்பாளரின் ஆட்கள் ஏழரைக்கே வந்து ஷட்டரைத் தட்டினார்கள், பாதி திறந்திருந்ததால் முழுசாகத் தூக்கியும் விட்டார்கள். இரண்டு தேர்தலுக்கும் இடையில் எழுத்துரு ஓர் எழுத்துக்கூட நகரவில்லை. இனிமேல் அந்த நேரத்தில் ஷட்டர் முழுசாக மூடியே இருக்கும், பின்பக்கக் கதவுக்குச் சாவி.

பண்டாரவளைக்காரர் எங்கே?

நவம்பர் 18

வந்துவிட்டார். முதலாளி வெள்ளிக்கிழமையைப் புதன்கிழமைக்கு மாற்றினாராம், எழுதிக் கொடுக்க மட்டும் மாட்டேன் என்கிறாராம், "நம்பிக்கை இல்லையா" என்று கேட்டாராம். நல்ல மனிதராகத்தான் தெரிகிறது. நல்ல மனிதர் என்றால் கையெழுத்துப் போடுவது இன்னும் சுலபமாக அல்லவா இருக்க வேண்டும்? நான் உங்கள் இடத்தில் இருந்தால் புதன்கிழமை ஸ்டூடியோவுக்குத் தேவையானதைச் செய்து கொடுப்பேன். நல்ல பேனர் வார்ப்புருக்கள், ஒழுங்கான பைல் பெயர்கள், அந்த மாதிரி. மனதுக்குப் பிடித்ததை அங்கே கொண்டுபோக மாட்டேன்.

டிசம்பர் 15

டிசம்பர் பௌர்ணமியான உண்டுவப் போயாவோடு சிவனொளிபாத மலை யாத்திரை சீசன் தொடங்கிவிட்டது, ஹட்டன் முழுக்க தொப்பியும் கம்பளியும். நேற்று ஸ்டாண்ட் பக்கத்தில் உல்லாசப் பயணிகளுக்குத் தேயிலை விற்கிற ஒரு கடையில் பைக்கட்டைப் பார்த்தேன். தமிழ்ப் பெயர். எங்கள் தங்கச்சியின் எழுத்து.

அவள் தன் முகநூலில் ஓகஸ்டில் போட்ட ஒரு படத்திலிருந்து எழுத்துகளை வெட்டி எடுத்திருக்கிறார்கள். அந்தப் படத்தில் இல்லாத ழ-வை மட்டும் தாங்களே வரைந்திருக்கிறார்கள். அந்த ழ-வைப் பார்க்க வேண்டுமே, பாலம் நடுச்சுழியைப் பிடிக்காமல் வெளிவாலில் நிற்கிறது. தகட்டில் வெட்டினால் உள்துண்டு விழுந்துவிடும்.

எனக்குக் கோபம் வந்தது. போன் பண்ணிக் கேட்போம், குறைந்தது பெயரையாவது போடச் சொல்வோம் என்றேன். அவள் ழ-வைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். கடைக்கு எழுதியது அவளேதான்: "உங்கள் ழ தவறு, சரியான ழ இணைத்திருக்கிறேன், இந்த எழுத்து என்னுடையது." பதில் இன்னும் வரவில்லை. கடைப் பெயரைக் கேட்காதீர்கள், எழுதமாட்டேன்.

டிசம்பர் 22

அவள் எழுத்துருவை எஸ்.ஐ.எல். திறந்த உரிமத்தில் வெளியிட முடிவு செய்துவிட்டாள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது, மாற்றி வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும்.

இதில் அவளும் நானும் ஒத்துப்போகவில்லை. விற்கச் சொன்னேன். மலையகப் பிள்ளை செய்தது என்றதும் இலவசமாகத்தான் வர வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கிறது, அதற்கு நாமே வழி வெட்டிக் கொடுக்கக் கூடாது என்பது என் பக்கம். அவள் சொன்னது: "அண்ணே, தோட்டத்துக் கோவில் கமிட்டி காசு கொடுத்து பொண்ட் வாங்குமா? அவங்க போடாட்டி நான் எதுக்குச் செஞ்சேன்?" அவள் பக்கம் பலமாக இருக்கிறது. என் பக்கமும் அவ்வளவு மோசமில்லை என்று இன்னும் நினைக்கிறேன். கையெழுத்துப் போட்ட தாள் அவளிடம்தான் இருக்கிறது, ஆகவே முடிவும் அவளுடையதுதான்.

2025 ஜனவரி 19

பொங்கலுக்கு முன் வெளியானது. கேள்விகளுக்குச் சுருக்கமாக:

பாமினியில் அடித்த பழைய பைலை இதில் திறந்தால் குப்பையாகத்தான் தெரியும். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்த ஏற்பாடு, இது யுனிகோட். மாற்றியில் போட்டு எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். எங்கள் டைப்செட்டிங் அக்கா கூட இப்போது அப்படித்தான் செய்கிறார், முணுமுணுத்துக்கொண்டே.

சின்ன அளவில் வாசிக்க முடியவில்லை என்பவருக்கு: வாசிக்க முடியாது. சாக்குக்கும் பலகைக்கும் செய்தது. கல்யாணக் கார்டில் முகவரியை இதில் போட்டால் விருந்தாளி வேறு மண்டபத்துக்குப் போவார்.

ஸ்டூடியோ பக்கத்தில் ஏன் போடவில்லை? அவள் போடலாம் என்றாள், நான்தான் யோசித்தேன். போட்டால் "அதே மாதிரி, ஆனால் நாளைக்கு, ஆனால் குறைந்த விலைக்கு" என்று வருவார்கள். பிறகு அவளுடைய காலை நேரம் மெல்ல மெல்லக் கடைக் கணக்கில் ஏறும். வேண்டியவர்கள் அவளிடம் நேராகக் கேட்கட்டும்.

பெப்ரவரி 9

கோவில் கமிட்டிக்காரர்கள் இரண்டு இடத்திலிருந்து ஒரே முறைப்பாடு: ஸ்ரீ உடைகிறது. ஸ்ரீ முத்துமாரியம்மன் என்று அடித்தால் எழுத்துகள் பிரிந்து நிற்கின்றன. ஒருவருக்குச் சரியாக வருகிறது, இன்னொருவருக்கு இல்லை.

காரணம் விசைப்பலகை. ஸ்ரீயை இரண்டு விதமாக அடிக்கலாம். சில பலகைகள் ஸ-வில் தொடங்கும், சில 2005-இல் யுனிகோடில் சேர்ந்த ஶ-வில் தொடங்கும். திரையில் இரண்டும் ஒன்றுதான், உள்ளே வேறு. அவள் ஒரு வழிக்கு மட்டும்தான் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் விதி எழுதியிருந்தாள். மலையகத்தில் இத்தனை அம்மன் கோவில் இருக்கும்போது இது முதல் வாரத்திலேயே வந்திருக்க வேண்டிய முறைப்பாடு. இவ்வளவு நாள் எடுத்ததே ஆச்சரியம்.

பெப்ரவரி 11

இரண்டு வழிக்கும் விதி சேர்த்து இன்று காலை புதிய பைலை ஏற்றிவிட்டாள். பழையதை முதலில் கணினியிலிருந்து அகற்றிவிட்டுத்தான் இதை நிறுவ வேண்டும், இல்லாவிட்டால் பழையதையே காட்டும். கோரல்ட்ரோ திறந்திருந்தால் மூடித் திறவுங்கள்.